நான் மூடிவைத்த முகப்புப் பக்கம்

எனக்குப் பொறுமை கிடையாது. அதை ஒரு குறையென்று நான் நினைத்ததே இல்லை. எள் என்றால் எண்ணெயாக நிற்பவள் என்று அலுவலகத்தில் பெயர் வாங்கியிருக்கிறேன். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காக எத்தனை பேரை விரட்டியிருக்கிறேன் என்பதை மட்டும் நினைத்துப் பார்த்ததில்லை.

ஜார்ஜ் டவுனில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் எங்கள் அலுவலகம். கப்பலில் போகும் சரக்குப் பெட்டிகளுக்கு வேண்டிய கடிதங்களையும் படிவங்களையும் மலாயிலும் ஆங்கிலத்திலும் தயாரிப்பது என் வேலை. ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை அந்த எழுதும் மென்பொருளைத் திறப்பேன், மூடுவேன். ஒவ்வொரு தடவையும் முதலில் திரையின் நடுவில் ஒரு லோகோ வந்து நிற்கும். அதன் கீழே நாலைந்து புள்ளிகள் எறும்பு போல ஊர்ந்து போகும். அது போனால் முகப்புப் பக்கம். மேலே ஒரு காலை வணக்கம். இடது பக்கம் ஒரு வெற்றுத் தாள். அதற்குப் பக்கத்தில் நாட்காட்டி, வாழ்த்து அட்டை, பயணத் திட்டம் என்று நான் கேட்காத கட்டங்கள். அதற்கும் கீழே கடைசியாகத் திறந்த கோப்புகளின் நீண்ட பட்டியல். உப்பு வாங்கப் போனவளிடம் கடைக்காரர் முதலில் பெயர்ப் பலகையைக் காட்டி, பிறகு கடை முழுவதையும் சுற்றிக் காட்டி, கடைசியில் உப்பை எடுத்துக் கொடுத்தால் எப்படி இருக்கும்? எனக்கு அப்படித்தான் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு மதிய இடைவேளையில் உட்கார்ந்து வழி கண்டுபிடித்தேன். முகப்புப் பக்கத்துக்கு ஆப்ஷன்ஸுக்குள் போய், ஒரு சின்னக் கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் போதும். லோகோவுக்கு, ஐகானை வலது கிளிக் செய்து, உள்ளே இருக்கும் வரியின் கடைசியில் ஒரு சாய்கோடும் ஓர் எழுத்தும் சேர்க்க வேண்டும். அதற்குப் பிறகு ஐகானைத் தொட்டால் வெற்றுத் தாள் வந்து விழும். நடுவில் யாரும் இல்லை. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அந்த வாரமே அலுவலகத்தில் எல்லாருடைய கணினியிலும் அதைச் செய்து கொடுத்தேன். ஒருவர் கேட்காவிட்டாலும் செய்து கொடுத்தேன்.

என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். தலைமுடியை விட மெல்லிய கம்பியை மின்னணுச் சில்லில் ஒட்டும் இயந்திரம் அவருடையது. அந்த இயந்திரத்தின் தலையில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று விளக்குகள் இருக்குமாம். இயக்கிவிட்டதும் மஞ்சள் எரியும். அப்போது யாரும் எதையும் தொடக் கூடாது. தரையில் போட்டிருக்கும் கோட்டுக்குப் பின்னால் போய், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பச்சை வந்த பிறகுதான் கிட்டே போகலாம். முந்திக்கொண்டு தொட்டவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் கையில் வரும்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் லிப்டுக்கு முன்னால் அப்படித்தான் நிற்பார். சோற்றுப் பானையின் பொத்தானை அழுத்திவிட்டு ஓரடி பின்னால் போவார். துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீர் பிடித்து முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். "அது என்னா, தேசிய கீதமா பாடுது? வந்து உக்காருங்க" என்று நான் கேலி செய்வேன். "பதறாத காரியம் சிதறாதும்மா" என்பார். இந்தப் பழமொழியை அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பதற்றம் கூடும்.

சென்ற வருடம் அவருடைய பிரிவை மூடிவிட்டார்கள். ஒரே நாளில் அத்தனை பேருக்கும் நன்றி சொல்லிக் கைகுலுக்கி அனுப்பினார்கள். அவருக்கு வயது நாற்பத்தொன்பது. முதல் மாதம் ஓய்வு என்று சொல்லிக்கொண்டோம். இரண்டாவது மாதம் அந்தச் சொல்லை யாரும் சொல்லவில்லை. தொழிற்சாலைப் பேருந்து எங்கள் வீட்டுக்குக் கீழே காலையில் நிற்கும். அது வரும் நேரத்துக்கு அவர் குளித்து, சட்டை போட்டு, நடைவழியில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருப்பார். பேருந்து போன பிறகு உள்ளே வந்து சட்டையைக் கழற்றி மாட்டுவார். அதைப் பார்க்கும்போது எனக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லத் தோன்றும். வாய் மட்டும், "கோப்பி ஆறுது, வாங்க" என்று அதட்டும்.

கெலுகோரில் ஒரு தனியார் கல்லூரிக்குப் பொருட்கிடங்கு எழுத்தர் தேவை என்று தெரியவந்தது. நாற்காலி, மேசை, ஆய்வுக்கூடச் சாமான்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் வேலை. அவருக்கென்றே செய்தது போல இருந்தது. நேர்காணலும் நன்றாகவே போனது. ஆனால் கணினியில் ஒரு செய்முறைத் தேர்வு உண்டு. மலாயில் ஒரு கடிதம், பொருட்களின் அட்டவணை ஒன்று, முப்பது நிமிடம். நேர்காணல் எடுத்த அம்மா, இவர் மரியாதையாகப் 'புவான்' என்று கூப்பிடுபவர், மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்; தேர்வையும் அவரே நடத்துவாராம். இயந்திரத்தின் திரையைத் தவிர வேறு திரையைத் தொடாத மனிதர் என்னைப் பார்த்தார்.

"நான் இருக்கேன்லா" என்றேன்.

கோலாலம்பூரில் படிக்கும் மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பை எடுத்துத் துடைத்தேன். பாடம் தொடங்குவதற்கு முன்னால் வழக்கம்போல முகப்புப் பக்கத்தின் டிக்கை எடுத்தேன், லோகோவையும் நிறுத்தினேன். அவர் குழம்பக் கூடாது என்பதற்காகச் செய்தேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. அந்தப் பழைய லேப்டாப்பில் லோகோ போவதற்குள் ஒரு தேநீர் குடித்துவிடலாம். அவ்வளவு நேரம் என்னால் உட்கார முடியாது.

சொல்லிக்கொடுத்தேன் என்பதைவிடச் சண்டை போட்டேன் என்பது சரி. அவர் ஒவ்வோர் எழுத்தையும் தேடிப் பிடித்து, அது சரியா என்று ஒரு தடவை பார்த்து, பிறகு அடிப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பெருமூச்சு விடுவேன். ஆனால் அடித்த வரியில் ஒரு பிழை இருக்காது. மூன்றாவது வாரத்தில் அட்டவணையை அவர் போட்ட விதத்தைப் பார்த்து எனக்கே பொறாமை வந்தது. கோடுகள் எல்லாம் அளந்து வைத்தது போல நின்றன. "இருபது வருஷமா நானே இப்படிப் போட்டதில்ல" என்றேன். அவர் காதுவரை சிவந்துபோனார்.

தேர்வு ஒரு புதன்கிழமை. நீல நிறச் சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். மதியம் இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சமையலறையில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார்.

"என்னாச்சு?"

"சரியா வரலம்மா."

"வரலன்னா? லெட்டர் அடிச்சீங்களா இல்லையா?"

"பாதிதான். டேபிள் ஆரம்பிக்கல."

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. "இருபத்திரெண்டு வருஷம் மெஷின் பாத்த ஆளு, ஒரு லெட்டர் அடிக்க முடியலையா? வீட்ல நல்லாத்தான அடிச்சீங்க? அங்க போய் என்னா செஞ்சீங்க, தூங்கினீங்களா?" என்று கத்திவிட்டேன். அவர் வெங்காயத்தை உரித்து முடித்து, தோலை அள்ளிக் கூடையில் போட்டுவிட்டு நடைவழிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் பேருந்து வரும் நேரத்துக்கு அவர் எழுந்து வரவில்லை. படுத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை போட்டு நின்றதைப் பார்த்ததைவிட இது எனக்குப் பயமாக இருந்தது. அலுவலகத்துக்குப் போன் செய்து தாமதமாக வருவேன் என்று சொல்லிவிட்டு, கோப்பி கலந்து கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோபப்படாமல் கேட்டேன். என் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

"ஐகான கிளிக் பண்ணேன்" என்றார். "நம்ம வீட்ல மாதிரி தாள் வரல. ஒரு படம் வந்து நின்னுச்சு. கீழ புள்ளி புள்ளியா ஓடுது. சரி, மெஷின் இன்னும் ரெடி ஆகலன்னு கைய எடுத்துட்டேன்."

"சரி. அப்புறம்?"

"அப்புறம் ஒரு பக்கம் வந்துச்சு. அதுல பாத்தா வேற ஆளுங்களோட ஃபைலு. ஸ்டாஃப் லீவு லிஸ்ட்டுன்னு ஒண்ணு. மாணவர் மார்க்குன்னு ஒண்ணு. யாரோட வேலையோ மெஷின்ல ஏறி நிக்குது. நான் எப்படித் தொடுறது?"

எனக்குப் புரியத் தொடங்கியது. அவருடைய தொழிற்சாலையில் அதற்கும் ஒரு சட்டம் உண்டு. பல தடவை சொல்லியிருக்கிறார். இன்னொருவருடைய சரக்கு இயந்திரத்தில் இருந்தால் எந்தப் பொத்தானையும் அழுத்தக் கூடாது. தள்ளி நின்று மேற்பார்வையாளரைக் கூப்பிட வேண்டும். ஒரு தடவை ஒருவர் அவசரப்பட்டு அழுத்தியதில் முழுச் சரக்கும் குப்பைக்குப் போனதாம். அன்றிலிருந்து இவர் அதை வேதமாக வைத்திருந்தார்.

"அந்தப் புவான கூப்பிட்டிருக்கலாம்ல?"

"போன் வந்துச்சுன்னு வெளிய போயிட்டாங்க. பக்கத்துல மூணு பேரு பரீட்சை எழுதுறாங்க. சத்தம் போட முடியுமா? வந்து எடுத்து விடுவாங்கன்னு உக்காந்திருந்தேன். அவங்க வர்றதுக்குள்ள பாதி நேரம் போயிருச்சு. 'ஏன் அங்கிள் சும்மா உக்காந்திருக்கீங்க'ன்னு கேட்டாங்க. நான் ஸ்கிரீன கை காட்டுனேன். அவங்களே வெள்ளைத் தாள எடுத்து விட்டாங்க."

அந்த அறையை என்னால் பார்க்க முடிந்தது. மற்ற மூன்று பேரின் விசைப்பலகை படபடவென்று ஓடுகிறது. இவர் மட்டும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, நீலச் சட்டையில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பச்சை விளக்கு வருமென்று காத்திருக்கிறார். மூன்று வாரம் சொல்லிக்கொடுத்துவிட்டு, கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதைப் போல அவரை நான் அங்கே விட்டிருக்கிறேன்.

"அந்தப் பக்கம் நம்ம லேப்டாப்லயும் இருக்குங்க" என்றேன். "அந்தப் படமும் இருக்கு. எல்லா கம்ப்யூட்டர்லயும் இருக்கும். நான்தான் எடுத்துட்டேன். உங்ககிட்ட சொல்லவும் இல்ல."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "இருக்கா?"

"இருக்கு."

கோப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு, "அப்ப நான் முட்டாள் இல்ல?" என்று கேட்டார்.

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். முந்தைய நாள் சாயங்காலத்திலிருந்து அவர் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார், அதற்கு நானும் எண்ணெய் ஊற்றியிருக்கிறேன் என்பதை நினைத்தபோது அழுதுவிட்டேன். நான் அழுதால் அவருக்குக் கை கால் ஓடாது. "சரி சரி, லேப்டாப்ப எடு, அது என்னான்னு பாப்போம்" என்றார்.

டிக்கைத் திரும்பப் போட்டேன். சாய்கோட்டையும் எழுத்தையும் அழித்தேன். ஐகானைக் கிளிக் செய்ததும் லோகோ வந்து, புள்ளிகள் ஊர்ந்து, முகப்புப் பக்கம் விரிந்தது. அவர் அதன் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். இது என்ன, இதைத் தொட்டால் என்ன ஆகும், இந்தப் பட்டியலில் இருப்பவை திறந்திருக்கின்றனவா, வெறும் பெயர்தானா. வெறும் பெயர்தான், யாருடைய வேலையும் இதனால் கெடாது என்று சொன்னபோது அவருடைய தோள் இறங்கியது. இத்தனை வருடம் அந்தப் பக்கத்தை வைதிருக்கிறேனே தவிர, அன்றுதான் நானும் அதை முழுசாகப் பார்த்தேன். மூடித் திறந்து, மூடித் திறந்து, இருபது தடவையாவது செய்திருப்போம். ஒரு தடவைகூட நான் பெருமூச்சு விடவில்லை.

ஒன்பது மணிக்கு நான் போனை எடுத்தேன், கல்லூரிக்குப் பேசி நியாயம் கேட்கலாமென்று. அவர் அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். "நீ பேசுனா சண்டை ஆயிரும். என் வேலை. நான் பேசுறேன்." நடைவழியில் நின்று மலாயில் பேசினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "புவான், வீட்டில் என் மனைவி அந்தப் பக்கத்தை மூடிவைத்திருந்தாள். அது இருப்பதே எனக்குத் தெரியாது. அடுத்தவர் வேலை என்று நினைத்துத் தொடாமல் இருந்துவிட்டேன். இப்போது தெரியும். முடிந்தால் இன்னொரு தடவை உட்கார வையுங்கள். முடியாவிட்டாலும் பரவாயில்லை, ஏன் சும்மா இருந்தேன் என்பதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் அந்த அம்மா சிரித்தது எனக்கே கேட்டது. திங்கட்கிழமை வரச் சொன்னார். மற்றவர்கள் நன்றாகச் செய்திருக்கிறார்கள், எந்த வாக்கும் தர முடியாது என்பதையும் சொன்னார். அது நியாயம்தான்.

திங்கட்கிழமை விடுப்புப் போட்டுக்கொண்டு நானும் மோட்டாரில் பின்னால் ஏறிப் போனேன். கல்லூரிச் சிற்றுண்டிச் சாலையில் உட்கார்ந்து ஒரு தேநீரை முக்கால் மணி நேரம் குடித்தேன். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். எனக்கு ஆக்கவும் பொறுமை இருந்ததில்லை. அன்று எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் வெளியே வந்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மோட்டாருக்குப் பக்கத்தில் வந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "புள்ளி ஓடுறப்ப கையப் பின்னால கட்டிக்கிட்டேன். மனசு அமைதியாயிருச்சு. அப்புறம் இடது பக்கம் வெள்ளைத் தாள். எல்லாம் முடிச்சேன்மா. நேரம் மிச்சம்."

பத்து நாள் கழித்து அந்த அம்மாவே கூப்பிட்டார். வேலை அவருக்குத்தான். நான் நடைவழியில் ஓடிப்போய்ப் பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாருக்கும் சொன்னேன். அவர் சட்டைகளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

இது நடந்து ஏழெட்டு மாதம் இருக்கும். போன வாரம் அவர் சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்று விடுப்பு. பேருந்தில் கெலுகோருக்குக் கொண்டுபோனேன். கிடங்கின் முன்னறையில் அவருடைய மேசை, சுவரோரம் இன்னொரு மேசையில் ஒரு கணினி. தனியாகத் தேர்வுக்கு வருபவர்களை உட்கார வைப்பது அந்தக் கணினியில்தான் என்றும், இப்போது அதைப் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்றும் சொன்னார். திரையின் ஓரத்தில் ஒரு சிறு காகிதம் ஒட்டியிருந்தது. மலாயிலும் தமிழிலும் அவருடைய திருத்தமான எழுத்து: "முதலில் படம் வரும். பிறகு ஒரு பக்கம் வரும். அது பிழை அல்ல. இடது பக்கம் உள்ள வெள்ளைத் தாளைத் தொடவும்." பழைய கோப்புகளின் பட்டியலையும் துப்புரவாக நீக்கி வைத்திருந்தார். அதை நீக்கும் வழியை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவராகவே கண்டுபிடித்திருக்கிறார்.

எனக்குப் பழைய புத்தி போகுமா? "இதுக்கு எதுக்குங்க காகிதம்? ரெண்டையும் எடுத்து விட்டுறவா? ரெண்டு நிமிஷம்" என்று சுட்டியைப் பிடித்துவிட்டேன்.

"வேணாம்மா" என்றார். "மத்தியானம் ஒரு அம்மா பரீட்சைக்கு வர்றாங்க. பாயான் லெப்பாஸ் ஆளு, என்னைய மாதிரி ஃபேக்டரி லைன்ல இருந்தவங்க. இங்க நான் எடுத்து விட்டா, நாளைக்கு வேற எடத்துல போய் முழிப்பாங்க. படம் வரட்டும், பக்கம் வரட்டும். பக்கத்துல நின்னு ஒரு தடவ காட்டிட்டு, அப்புறம்தான் நேரத்த ஆரம்பிக்கச் சொல்லுவேன். புவான்கிட்டயும் கேட்டுட்டேன். சரின்னுட்டாங்க."

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஐகானைக் கிளிக் செய்தார். லோகோ வந்து நின்றது. புள்ளிகள் ஊர ஆரம்பித்தன. அவர் ஓரடி பின்னால் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். நானும் சுட்டியை விட்டுவிட்டு அவருக்குப் பக்கத்தில் போய் நின்று, என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.